அம்மா வழியாக அப்பாவிடம் பேசுகிறவருக்கு

கேள்வி:

மேடம், எனக்கு 33 வயது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் கிராமம். ஓசூரில் ஒரு கம்பெனியில், மெஷினில் தகடு அழுத்தி பாகம் செய்கிற பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஷிப்ட் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். எங்களுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா மரங்கள். அப்பாவுக்கு 66 வயது. இந்த வருடமும் பூ எடுத்ததுமே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீக்கடையில் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். நாமே பறித்து டைரக்டாக விற்றால் லாபம் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். "காலம் மாறிடுச்சு, உங்களுக்கு ஒண்ணும் புரியாது" என்றேன். கத்தினார். நானும் கத்தினேன். நான்கு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எதுவானாலும் அம்மா வழியாகத்தான். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு நான் ஒருத்தன் இருப்பதே தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறார். கம்பெனியில் கம்யூனிகேஷன் டிரெய்னிங் இரண்டு நாள் கொடுத்தார்கள். வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும் என்றார்கள். வீட்டில் அதெல்லாம் எடுபடவில்லை. அப்பாவுக்குப் புரிய வைப்பது எப்படி?

பதில்:

தம்பி, கடிதத்தை இரண்டாவது தடவை படிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. நீங்கள் அப்பாவிடம் என்னென்ன சொன்னீர்கள் என்பது வரிவரியாக இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பியதுகூட இருக்கிறது. அப்பா உங்களிடம் என்ன சொன்னார்? "கத்தினார்" என்கிற ஒரு சொல்தான். என்ன சொல்லிக் கத்தினார், எந்த வார்த்தையில் ஆரம்பித்தார், எந்த இடத்தில் குரல் ஏறியது, ஒன்றும் இல்லை. நீங்கள் மறைத்துவிட்டீர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் காதில் விழுந்தது சத்தம் மட்டும்தான், விஷயம் விழவில்லை என்று நினைக்கிறேன். தருமபுரியில் என்னிடம் ஆலோசனைக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் வருகிறார்கள், தங்கள் பக்கத்து வசனத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், எதிராளி என்ன சொன்னார் என்று கேட்டால் "அவர் எப்பவும் அப்படித்தான் மேடம்" என்பதோடு முடிந்துவிடும்.

அதனால் உங்கள் கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். அப்பாவுக்குப் புரிய வைப்பதை அப்புறம் பார்க்கலாம். பூவிலேயே குத்தகைக்கு விட அவருக்கு என்ன காரணம் என்று உங்களுக்குத் தெரியுமா? உங்கள் பகுதியில் தோப்பு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் நாலைந்து காரணம் சொல்வார்கள். பூ எடுக்கிற நேரத்தில் பனி அடித்தால், ஒரு மழை பெய்தால் பூ கொட்டிவிடும். தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்க வேண்டும், அதற்குக் கையில் காசு வேண்டும். மா ஒரு வருடம் காய்த்துத் தள்ளும், அடுத்த வருடம் ஏமாற்றும். பறிக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகாது, காய் இறங்கும் காலத்தில் ராத்திரிக் காவல் வேறு. பெங்களூராவுக்குப் பெரிய சந்தையே மாம்பழக் கூழ் ஃபேக்டரிதான், அவர்கள் அந்த வருடம் என்ன விலை வைக்கிறார்களோ அதுதான் விலை. குத்தகைக்காரர் இத்தனை தலைவலியையும் தன் தலையில் போட்டுக்கொண்டு முன்கூட்டியே கையில் பணம் கொடுக்கிறார். லாபம் குறைவு, நிம்மதி அதிகம் என்று 66 வயதுக்காரர் ஒருவர் கணக்குப் போட்டால் அது முட்டாள்தனமான கணக்கு இல்லை. அல்லது, பையன் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவன், இவனைத் தோப்புக் காவலுக்கு எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்திருக்கலாம். எது அவர் காரணம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது, பக்கத்து அறையில் படுக்கிற உங்களாலும் சொல்ல முடியவில்லை, பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது.

உங்கள் டிரெய்னிங்கில் சொன்ன அந்த 7 சதவீத விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், இது ஊர் ஊராகத் தப்பாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்பவர் 1967இல் அமெரிக்காவில் வெளியிட்ட இரண்டு சின்ன ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் பதிவு செய்து போட்டுக் காட்டி, முகத்தின் போட்டோக்களையும் காட்டி, பேசுகிறவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார்கள். வார்த்தை ஒன்று சொல்லி முகமும் குரலும் வேறொன்று சொன்னால் மக்கள் முகத்தைத்தான் நம்புகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது, பிடித்தம் பிடிக்காமை பற்றிய பேச்சுக்கு மட்டும்தான் என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், குத்தகைத் தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் காயை இறக்கணும் என்பதையெல்லாம் 93 சதவீதம் உடல்மொழியில் சொல்லிவிட முடியுமா? வார்த்தை முக்கியம்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் அந்த ஆய்வு வேறு ஒரு இடத்தில் உதவும். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று நீங்கள் சொல்லும்போது உங்கள் முகம் என்ன சொன்னது? போனைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்களா, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்களா? பெரியவர்கள் முகத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது அந்த நீளமான வாட்ஸ்அப். 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டு விரலால் மேஜையில் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். எதிரில் இருப்பவர்கள் பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டுகிறவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடித்தது மூன்று. தட்டுகிறவர் தலைக்குள் முழு மெட்டும் ஓடுகிறது, எதிராளிக்குக் கேட்பது டொக் டொக் என்கிற சத்தம் மட்டும். நீங்கள் ராத்திரி கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து அப்பாவுக்கு எழுதியபோது உங்கள் தலைக்குள் பாசம், வருத்தம், அவர் இனிமேல் கஷ்டப்படக்கூடாது என்ற கவலை எல்லாம் ஓடியிருக்கும். அவருக்குப் போனது எழுத்து மட்டும். அதிலும் "ஆன்லைன் சேல்ஸ்", "மிடில்மேன் இல்லாம", "பிராண்டிங்" என்று கம்பெனி மீட்டிங்கில் பேசுவதை அப்படியே எழுதியிருந்தால் (எழுதியிருப்பீர்கள் என்றுதான் தோன்றுகிறது) நாற்பது வருடம் மண்ணில் நின்றவருக்கு அது எப்படி இருக்கும்? மகன் பேசுகிற மாதிரி இருக்காது, மேலதிகாரி மெமோ கொடுத்த மாதிரி இருக்கும். நீல டிக் விழுந்தால் மெசேஜ் திறந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அதுதான்.

நம் வீடுகளில் பேச்சு நின்றால் உடனே ஒரு தபால்காரர் வேலை உருவாகிவிடும், அது எப்போதும் ஒரு பெண்ணின் தலையில்தான் விழும். நீங்கள் அம்மாவிடம் சொல்கிறீர்கள்: "அந்த மனுஷன்கிட்ட சொல்லு, குத்தகைப் பணத்தை எண்ணி வாங்கச் சொல்லு, போன தடவை மாதிரி ஏமாந்துடப் போறாரு." இதில் கோபமும் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது. அம்மா கோபத்தை எடுத்துவிட்டால் சண்டை வராது என்று நினைத்து, அடுப்படியிலிருந்து கூடத்துக்குப் போவதற்குள் அதைச் சுருக்கி, "பையன் பணம் எவ்வளவு வந்துச்சுன்னு கேக்கறான்" என்று சொல்வார். உங்கள் அப்பா காதில் விழுவது என்ன? மகன் கணக்குக் கேட்கிறான். அவர் பதிலுக்கு "அவன் சம்பளத்துக்கு நான் என்னைக்காவது கணக்குக் கேட்டிருக்கேனா" என்பார். அம்மா அதையும் பாதியாக்கி உங்களிடம் "அப்பா உன் சம்பளத்தைப் பத்தி ஏதோ சொன்னாரு" என்பார். இப்போது நீங்கள் இருவரும் சொல்லவே சொல்லாத ஒரு விஷயத்துக்காகச் சண்டை போடத் தயார். இதில் அம்மா மேல் தப்பே இல்லை, அவர் செய்வது சமாதானம். ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு நாலு மாதமாக ஒவ்வொரு வார்த்தையையும் சலித்துக் கொடுக்கிற ஒரு மனுஷிக்கு ராத்திரி தூக்கம் எப்படி வரும் என்று யோசித்தீர்களா?

இதை முதலில் நிறுத்துங்கள். இன்றைக்கே அம்மாவிடம், "இனிமே நீ சொல்ல வேணாம்மா, நானே சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் சின்ன விஷயத்தில் ஆரம்பியுங்கள். மோட்டார் போட்டாச்சா, கரெண்டு பில் வந்துச்சா, டவுனுக்குப் போறேன் ஏதாவது வாங்கணுமா. அவர் "ம்" என்று மட்டும் சொன்னாலும் சரி. நாலு மாதம் பேசாதவர்கள் நேராகப் போய்க் குத்தகையில் ஆரம்பித்தால் அன்றைக்கே முடிந்துவிடும். ஒரு வாரம், பத்து நாள் இந்த மாதிரிச் சில்லறைப் பேச்சு ஓடட்டும்.

பெரிய பேச்சுக்கு இடமும் நேரமும் பாருங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலை வேண்டாம். அவர் சாப்பிட உட்காரும்போது வேண்டாம். அம்மாவும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்கிற கூடத்தில் வேண்டவே வேண்டாம், ஆள் பார்க்க இறங்கிப் போவது எந்த அப்பாவுக்கும் கஷ்டம். எதிரெதிரே உட்கார்வதைவிடப் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நம் ஆண்களுக்குச் சுலபம் என்பது என் அனுபவம். தோப்பில் நடந்துகொண்டே பேசலாம், வரப்பில் உட்கார்ந்து பேசலாம்.

முதல் வாக்கியம்தான் உயிர். ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருடங்கள் கணவன் மனைவி சண்டைகளை வீடியோ எடுத்துப் படித்தவர். பேச்சின் முதல் மூன்று நிமிடம் எப்படிப் போகிறது என்பதை வைத்தே அந்தத் தம்பதியின் கதை எங்கே போகும் என்று பெரும்பாலும் கணிக்க முடிந்தது என்கிறார். அப்பா மகனுக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் "உங்களுக்கு ஒண்ணும் புரியாது" என்று ஆரம்பித்த பேச்சு எந்த வீட்டிலும் நல்லபடியாக முடிந்து நான் பார்த்ததில்லை. "ஏன் என்னைக் கேக்கல?" என்றும் ஆரம்பிக்காதீர்கள், "ஏன்" என்றாலே விசாரணை மாதிரி ஆகிவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அப்பா, அன்னைக்கு நான் பேசின விதம் சரியில்ல. குத்தகையை மாத்தச் சொல்லி வரல. நீங்க என்ன கணக்குப் போட்டு விட்டீங்கன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்." கவனியுங்கள், நீங்கள் பேசிய விதத்துக்குத்தான் வருத்தம் சொல்கிறீர்கள். நேரடி விற்பனை நல்லது என்ற உங்கள் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதோடு எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவதால், இவன் எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறானோ என்ற பதற்றம் அவருக்கு இருக்காது.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் ரொம்பக் கஷ்டம். பத்து மொழிகளை வைத்து 2009இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஒருவர் முடித்து அடுத்தவர் ஆரம்பிப்பதற்கு இடையில் பொதுவாகச் சுமார் 200 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி என்று வந்தது. நமக்கு அவ்வளவு வேகம் பழகிப்போயிருக்கிறது. அதனால் எதிராளி நாலைந்து விநாடி சும்மா இருந்தாலே பதில் இல்லை என்று முடிவு கட்டி நாமே அடுத்ததை ஆரம்பித்துவிடுகிறோம். உங்கள் அப்பா ஒரு துண்டுப் புல்லைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு அரை நிமிடம் யோசிக்கலாம். யோசிக்கட்டும். அந்த நேரத்தில் போனை எடுக்காதீர்கள்.

அவர் சொல்லி முடித்ததும் உங்கள் பதிலைச் சொல்லாதீர்கள், அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் 1950களின் தொடக்கத்திலேயே இதை ஒரு விதியாகச் சொன்னார்: முன்னால் பேசியவர் சொன்னதை, அவரே "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்கிற மாதிரி திருப்பிச் சொன்ன பிறகுதான் நம் கருத்தைச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத விஷயம் மாதிரி இருக்கும், செய்து பாருங்கள், வியர்த்துவிடும். ஆனால் உங்களுக்கு இது புதிதில்லை. ஷிப்ட் மாறும்போது எந்த மெஷின் நிற்கிறது, எந்த டையை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சை) மாற்றணும், எவ்வளவு பாக்கி என்று முந்தின ஷிப்ட் சூப்பர்வைசர் சொல்ல, நீங்கள் "அப்போ மூணாவது மெஷின் மெயின்டனன்ஸ் வந்து பாக்கற வரைக்கும் தொடக்கூடாது, சரியா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதானே அவரை விடுவீர்கள்? அங்கே தப்பினால் ஒருவர் விரல் போகும் என்று தெரிவதால் கேட்கிறீர்கள். அதே மாதிரி இங்கேயும், "அப்போ விலை உங்களுக்குப் பெரிசு இல்ல, பறிக்க ஆள் இல்லங்கறதுதான் பிரச்சினை, சரிதானேப்பா?" என்று கேளுங்கள். "அது இல்லடா" என்று திருத்தினால் இன்னும் நல்லது. திருத்துகிறவர் பேச்சுக்குள் வந்துவிட்டார். ஒன்றே ஒன்று, திருப்பிச் சொன்ன வாயோடு "ஆனா" என்று இழுக்காதீர்கள், அதுவரை சொன்னது அத்தனையும் அடிபட்டுப் போகும்.

உங்கள் மனக்குறையையும் சொல்லத்தான் வேண்டும், விழுங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. டிரெய்னிங்கில் "நான் இப்படி உணர்கிறேன்" என்று பேசச் சொல்லியிருப்பார்கள். யோசனை நல்லது, ஆனால் நம் ஊர் அப்பாவிடம் போய் "நான் புறக்கணிக்கப்பட்டதாக உணர்கிறேன்" என்றால் டப்பிங் சீரியல் மாதிரி இருக்கும், அவர் உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். நடந்ததைச் சொல்லுங்கள்: "டீக்கடையில ஒருத்தர் சொல்லித்தான்ப்பா எனக்குத் தெரிஞ்சுது. கஷ்டமாயிடுச்சு." இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். "நீங்க என்னை மதிக்கல" என்று சொன்னால் அவர் மறுத்தாக வேண்டும், நடந்ததைச் சொன்னால் மறுக்க ஒன்றுமில்லை.

நடுவில் குரல் ஏறினால் நிறுத்திவிடுங்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது சரியாக ஏறாது, உடம்பு அடங்கக் குறைந்தது இருபது நிமிடமாவது வேண்டும் என்கிறார் நான் மேலே சொன்ன காட்மன். ஆனால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவது வேறு, இடைவெளி விடுவது வேறு. "சாயங்காலம் பேசலாம்ப்பா" என்று நேரம் சொல்லிவிட்டு எழுந்திருங்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள்.

இதையெல்லாம் செய்தால் அப்பா குத்தகையை விட்டுவிட்டு நேரடி விற்பனைக்கு வந்துவிடுவாரா? தெரியாது, அதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். தோப்பு அவர் கையில் இருக்கிறவரை கடைசி முடிவு அவருடையதுதான். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று, அதுவும் சின்னதாக: அடுத்த தடவை குத்தகைக்காரரிடம் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் எனக்கும் சொல்லுங்கள். நேரடியாக விற்றுப் பார்க்கும் ஆசை இருந்தால், பத்து மரத்தை மட்டும் குத்தகையில் சேர்க்காமல் விடச் சொல்லி, மருந்து, கூலி, காவல் எல்லாம் உங்கள் செலவில் உங்கள் லீவு நாளில் என்று பேசிப் பாருங்கள். மார்கழி, தையில் பூ எடுக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், ஐப்பசி வாக்கிலேயே இந்தப் பேச்சு முடிந்திருந்தால் நல்லது. பூ கண்ணில் பட்டுவிட்டால் வியாபாரிகள் வாசலுக்கு வந்துவிடுவார்கள், அவசரத்தில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக, டிவி சத்தம். இதை நீங்கள் கோபமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு வேறு சந்தேகம் வருகிறது. வயதாக ஆக முதலில் குறைவது உச்ச சுருதி ஒலிகள் கேட்கும் திறன். சத்தம் கேட்கும், சொல் பிரியாது, ச, த, ப எல்லாம் ஒன்றுக்கொன்று குழம்பும், நாலு பேர் பேசுகிற இடத்தில் இன்னும் மோசம். அப்படி இருப்பவர்கள் டிவியைக் கூட்டி வைப்பார்கள், கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள், தாங்களும் சத்தமாகப் பேசுவார்கள், அதை வீட்டில் "கத்துகிறார்", "கண்டுகொள்ள மாட்டேன் என்கிறார்" என்று எடுத்துக்கொள்வார்கள். அப்பா யாரிடமுமே பேசுவதில்லை, சாப்பாடு குறைந்துவிட்டது, தூக்கம் இல்லை என்றால் அது மனச்சோர்வாகவும் இருக்கலாம், அப்போது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். எப்படியானாலும் காதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். "உங்களுக்குக் காது கேக்கல, வாங்க" என்று கூப்பிட்டால் வர மாட்டார். பிரஸ் ஷாப் சத்தத்தில் இத்தனை வருடம் நிற்கிற உங்கள் காதையும் பரிசோதிக்க வேண்டியதுதான், அதனால் "எனக்குக் காட்டப் போறேன், கூட வாங்கப்பா, நீங்களும் பாத்துக்கலாம்" என்று கேளுங்கள். போகும்போது பைக்கில் போங்கள், அம்மாவைக் கூட்டிப் போகாதீர்கள்.